செவலையின் நேர்த்திக்கடன்

எங்கள் தெருவில் முதன்முதலாக எக்ஸ்ரே எடுக்கப்பட்ட உயிர் ஒரு நாய். திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குக் கீழே வளர்ந்த என் வயதுக்காரர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆளுக்கொரு மாமாவின் நெஞ்சைச் சாட்சிக்கு இழுப்பார்கள். இழுக்கட்டும். நான் விசாரித்தவரை அந்த மாமாக்கள் எல்லோரும் அதற்குப் பிறகுதான் இருமத் தொடங்கினார்கள்.

வருடத்தையும் சரிபார்த்துக்கொண்டேன். நெருக்கடி நிலை விலக்கப்பட்டதற்கு அடுத்த வருடத்துக் கார்த்திகையில் தொடங்கி, மாசித் தொடக்கத்தில் முடிந்த கதை இது. வத்தலக்குண்டில் இருக்கும் என் தங்கை, அதற்கும் முந்திய வருடம் என்று முதலில் சாதித்தாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு, அவளுக்குக் கம்பி வைத்த பூட்ஸ் வந்ததும் அந்த வருடம்தான் என்று சொன்ன பிறகு ஒப்புக்கொண்டாள்.

பூட்ஸைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தங்கைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. அவளுக்குப் பழனியில் முதல் முடி இறக்குவதாக அம்மா வேண்டியிருந்தாள். அப்பா வேலை பார்த்த மில்லில் அந்தச் சமயம் வேலைநிறுத்தம். கையில் காசில்லாமல் முடி இறக்குவதை ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். அந்த இடைவெளியில்தான் காய்ச்சல் வந்தது. கால் போனது தெரிந்த அன்று, அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, எல்லோரும் இருக்கும்போதே அம்மாவிடம், சாமி காரியத்தைத் தள்ளிப் போட்டால் சாமி வேறு எதையாவது எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார். துக்கத்தில் சொன்னதுதான். ஆனால் அம்மா அதைச் சாகும்வரை நம்பினாள்.

அதற்குப் பிறகு அம்மா இன்னொன்று வேண்டிக்கொண்டாள். தங்கை நடந்தால், அவள் காலாலேயே பழனி மலை ஏற வைக்கிறேன் என்று. ஒவ்வொரு நாள் மாலையும் விளக்கேற்றிய பிறகு நடைபழக்கம் நடக்கும். தங்கை வாசற்படியிலிருந்து கிளம்பி சாமி மாடத்துச் சுவர் வரை வர வேண்டும். அம்மா சுவரோரம் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். இரும்புக் கம்பி சிமெண்டுத் தரையில் இடிக்கும் சத்தம், தோல் வாரில் தேய்த்த விளக்கெண்ணெய் வாடை. தங்கை சுவரைத் தொட்டதும் அம்மா, "அடுத்த தைப்பூசத்துக்கு மலையேறிருவ தாயி" என்பாள். தவறாமல் சொல்வாள்.

செவலை தங்கையின் நாய். மார்பில் மட்டும் வெள்ளை விழுந்த, செம்மண் நிறத்து நாட்டு நாய். தங்கை எழுந்து நிற்கப் பழகியது அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான். அவள் நடக்கும்போது அதுவும் அவள் வேகத்துக்கே நடக்கும்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலை. கோயில் முன்னால் முந்தின நாள் கொளுத்திய சொக்கப்பனை கரிக்குவியலாகக் கிடந்தது. அதை முகர்ந்துகொண்டிருந்த செவலையின் மேல் காய்கறி வேன் ஒன்று பின்னால் வந்து ஏறிவிட்டது. பின்னங்காலில் தொடை எலும்பு முறிந்து, கால் துணியைப் போலத் தொங்கியது.

அப்பா அதை அடிபட்ட மனிதர்களுக்குக் கட்டுப் போடும் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனார். மில்லில் கை ஒடிந்தவர்கள் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். அவர் முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்து அழகாகக் கட்டிக் கொடுத்தார். மனிதர்களுக்கு அது கல்லைப் போல இறுகிவிடும். நாங்கள் பள்ளிக்கூடம் போய்த் திரும்புவதற்குள் செவலை தன் கட்டை முக்கால்வாசி தின்றுவிட்டது. மீதியைத் தின்பதற்குப் பக்கத்துத் தெரு நாய் ஒன்று வேலியோரம் காத்திருந்தது. அப்பா மறுபடியும் கட்டுப் போட்டு வந்தார், அதையும் தின்றது. மூன்றாவது முறை வைத்தியரே கோபித்துக்கொண்டு, வேப்பெண்ணெய் கலந்து கட்டினார். அதைத் தின்னவில்லை. ஆனால் அதற்குள் தொடை பானையைப் போல வீங்கிவிட்டது. அன்றைக்கெல்லாம் சிரித்தோம். ஒடிந்த எலும்பின் இரு முனைகளும் அத்தனை நாளும் உள்ளே சதையைக் கிழித்துக்கொண்டிருந்தன என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கடைசியில் மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு புது டாக்டர் வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், கல்யாணமாகாதவர். பசு, எருமை, சண்டைச் சேவல் தவிர யாரும் அவரிடம் எதையும் கொண்டுபோவதில்லை. தொடை எலும்பைக் கட்டுப் போட்டு நிறுத்த முடியாது, எலும்புக்குள் இரும்புக் கம்பி ஒன்றைச் செருகிக் கோர்க்க வேண்டும் என்றார் அவர். முதலில் படம் எடுக்க வேண்டும். ஊரில் எக்ஸ்ரே இயந்திரம் மனிதர்களுக்கு மட்டும்தான் இருந்தது. டாக்டர் போய்ப் பேசினார். கூட்டமில்லாத மதியச் சாப்பாட்டு நேரத்தில், பின்வாசல் வழியாக, சாக்கில் சுற்றிக் கொண்டுபோனோம். படத்தின் உறையில் நோயாளியின் பெயர் எழுதியாக வேண்டுமாம். எக்ஸ்ரேக்காரர் அம்மாவின் பெயரை எழுதி, வயது மூன்று என்று போட்டார்.

அந்தப் படம் வெகுநாள் எங்கள் வீட்டில் இருந்தது. எண்பதாம் வருடம் மாசியில் சூரிய கிரகணம் வந்தபோது தெருப் பிள்ளைகள் எல்லோரும் அதன் வழியாகத்தான் சூரியனைப் பார்த்தோம். கண்ணுக்கு ஆகாது என்று யாருக்கும் தெரியாது. செவலையின் தொடை எலும்புக்குப் பின்னால் சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதற்குப் பிறகு படம் என்னவாயிற்று என்று தெரியவில்லை.

கம்பி மதுரையிலிருந்து வந்தது. மனிதர்களுக்கு வைக்கிற கம்பிதான், மெலிதானது. மார்கழிக் காலை ஒன்றில் அறுவை நடந்தது. மயக்க ஊசி போட்டதும் செவலையின் நாக்கு வெளியே விழுந்தது. கம்பவுண்டர் அதன் தொடையைச் சவரம் செய்தார். ரோமத்துக்கு அடியில் அதன் தோல் பச்சைக் குழந்தையின் தோல் நிறத்தில் இருந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். அதற்கு மேல் என்னைப் பார்க்க விடவில்லை. வெளியே வாகை மரத்தடியில் அம்மாவும் சித்தப்பாவும் நானும் நின்றோம். சித்தப்பா வருடந்தோறும் பழனிக்கு நடந்து போகிறவர், அப்போதே மாலை போட்டிருந்தார். உள்ளிருந்து சுத்தியலால் எதையோ தட்டும் சத்தம் வந்தது. அம்மா மேற்கே திரும்பிக் கும்பிட்டாள்.

"முருகா, இது பொழச்சு எந்திரிச்சா, இந்தத் தைப்பூசத்துக்கு இத அது காலாலயே உன் மலைக்கு நடத்திக் கூட்டியாரேன்."

சித்தப்பா அவளைத் திரும்பிப் பார்த்ததும், அவசரப்பட்டீங்களே மதினி என்று மெல்லச் சொன்னதும் நினைவிருக்கிறது.

டாக்டர் வெளியே வந்து தெளிவாகத்தான் சொன்னார். கம்பி எலும்புக்கு உள்ளே நிற்கிறது. அதன் நுனி இடுப்புப் பக்கம் தோலுக்கு அடியில் இருக்கிறது, எலும்பு கூடியதும் அங்கே கீறி உருவிவிடலாம். மாசி பாதி ஆகட்டும். அதுவரை ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, தெருவுக்கு விடக் கூடாது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அப்பா மில்லிலிருந்து நூல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து ஒரு பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு அதில் செவலையைப் படுக்க வைத்தார். சித்தப்பாவின் மாலையால் வீட்டில் கவிச்சி இல்லை. ஆனால் எலும்பு கூட ஆட்டுக்கால் சூப்புதான் மருந்து என்பதில் ஊரில் யாருக்கும் இரண்டு கருத்து கிடையாது. எதிர்வீட்டில் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார டீச்சர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சூப்பு வைத்துத் தூக்குவாளியில் கொடுத்துவிடுவார். தங்கை அதை ஊட்டுவாள். வீட்டுக்குள் மிளகும் நல்லெண்ணெயும் புண் மருந்தும் கலந்த வாடை, விடியற்காலையில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கி, பெட்டிக்குள் நாயின் பெருமூச்சு. அந்த மார்கழி எனக்கு அப்படித்தான் மிச்சமிருக்கிறது.

பொங்கலுக்குள் செவலை எழுந்துவிட்டது. மாட்டுப் பொங்கல் அன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தெருமுனை வரை ஓடிப் போய்த் திரும்பியது. தெருவே பார்த்தது. அம்மா அழுதாள். அன்றே சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நடத்திக் கூட்டிப் போகலாமா என்று கேட்டுவரச் சொன்னாள். டாக்டர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தார், வர நாளாகும். சித்தப்பா கம்பவுண்டரைக் கேட்டார். ஓடுகிற நாய் நடக்காதா என்று கம்பவுண்டர் திருப்பிக் கேட்டார். சித்தப்பா வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் சரி என்றுவிட்டார்கள் என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் அல்ல. அம்மாவுக்கு என்ன பதில் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அரைமனது. நாய்க்காக வேண்டிக்கொண்டதை எந்தச் சாமி கேட்கப் போகிறது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். அடுத்த வருடம் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறியது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, தங்கையின் காலைப் பார்த்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

வேண்டாம் என்று கடைசிவரை சொன்னவள் தங்கை மட்டும்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் மஞ்சள் துணியெல்லாம் காய்ந்துகொண்டிருந்தபோது சொன்னாள்.

"அதுக்கு வலிக்கிதும்மா. யாராச்சும் பாத்தாத்தான் கால நல்லா ஊணுது. நாம பாக்காதப்ப நகம் தரையில இழுபடுது. எனக்குக் கேக்குது."

அவளை விட்டுவிட்டு எல்லோரும் போவதால் தடுக்கிறாள் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். துணைக்கு இருக்க வந்த அத்தை, "ஏ, உனக்குப் பொறாமையாக்கும். பஞ்சாமிர்தம் வாங்கியாரச் சொல்றேன், செத்த நேரம் சும்மா இரு" என்றார். பார்வை பட்டால் ஒழுங்காக நடந்து காட்டுவது எப்படி என்று அந்த வீட்டில் தங்கையைத் தவிர யாருக்குத் தெரியும்? இது எனக்குத் தோன்ற எத்தனையோ வருடம் ஆயிற்று. அவளிடம் கேட்டேன். இதைப் போய் இப்போது கேட்கிறாயே என்றாள்.

சித்தப்பாவின் குழுவோடு அம்மாவும் நானும் செவலையும் கிளம்பினோம். இன்று அந்தச் சாலையோரம் நடப்பவர்களுக்கென்று தனிப் பாதையே இருக்கிறது. அன்று புளியமர நிழலும் சரளைக்கல்லும்தான். செவலையின் கழுத்தில் அம்மா மஞ்சள் துணி கட்டியிருந்தாள். வழியெல்லாம் வேடிக்கைதான். ரெட்டியார்சத்திரத்தில் நீர்மோர் கொடுத்த ஒருவர், வயிரவர் வாகனம் வழி தப்பி முருகன் கோயிலுக்குப் போகுதே என்றார். சித்தப்பா விடவில்லை. மயிலுக்கு வயசாச்சு, ஆள் மாத்தப் போறாக என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு வேண்டுதலை, ஒரே ஒன்றை, சொன்ன தேதிக்குத் தீர்க்கப் போகிற சிரிப்பு.

ஒட்டன்சத்திரத்தில் ராத் தங்கிவிட்டுக் காலையில் எழுந்தபோது செவலை எழவில்லை. அம்மா பன் ரொட்டியைக் காட்டி எழுப்பினாள். ஊரைத் தாண்டி, தக்காளித் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் சாலையோரம் படுத்துவிட்டது. சித்தப்பா சட்டி நிறையத் தண்ணீர் வைத்தார், குடிக்கவில்லை. அம்மா அதன் இடுப்பைத் தடவினாள். கை ஓரிடத்தில் நின்றது. ரோமத்தை விலக்கிப் பார்த்தாள். தோலைத் துளைத்துக்கொண்டு, ஓர் அரிசி மணி அளவுக்கு, கம்பியின் நுனி வெளியே மினுங்கியது. ரத்தம் அதிகமில்லை.

சித்தப்பா உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நான் தூக்கிக்கிறேன் மதினி. அடிவாரத்துல எறக்கி விட்டா நாலு எட்டு வச்சிரும். முருகன் என்ன கெஜக்கோல் வச்சா அளக்கப் போறாரு?" என்றார்.

"நான் சொன்ன வார்த்தை அதில்லையே" என்றாள் அம்மா.

தோட்டத்திலிருந்து தக்காளிக் கூடையோடு வந்த பெண் ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அதோட கண்ணப் பாருங்க. அது இனி நடக்காதுங்க" என்றாள். அம்மா எழுந்து, கழுத்துக் கயிற்றைப் பிடித்து ஒருமுறை இழுத்தாள்.

செவலை எழுந்தது. எழாமல் இருந்திருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். அது எழுந்து, வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு, அம்மாவின் பின்னால் நடந்தது. காலை ஊன்றும்போதெல்லாம் கம்பி இன்னும் கொஞ்சம் வெளியே வருவது எனக்குத் தெரிந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். செவலை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒழுங்காக நடந்து வந்தது. அம்மா கயிற்றை விட்டுவிட்டாள்.

நடக்கிற கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. ஆயக்குடி தாண்டினால் மலை தெரியும் என்று சித்தப்பா வழியெல்லாம் சொல்லி வந்திருந்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து எதுவும் தெரியவில்லை, வெறும் சாலைதான். அந்தத் திசையைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுகிற குரலில் அம்மா சொன்னாள்:

"இதுக்கு மேல இது நடக்காது. கேக்குறத என்கிட்டக் கேளு. புள்ளைககிட்டப் போகாத."

சித்தப்பாவைக் குழுவோடு போகச் சொல்லிவிட்டாள். அந்தத் தோட்டத்துக்காரர்கள் ஏற்றிவிட்ட தக்காளி லாரியில் நாங்கள் திண்டுக்கல் திரும்பினோம். செவலை அம்மாவின் மடியில் கிடந்தது. எதிரே ஆயிரமாயிரம் பேர் மஞ்சள் துணியோடு எங்களை நோக்கி நடந்து வந்தார்கள். அரோகரா என்ற குரல் வருவதும் பின்னால் போவதுமாக இருந்தது. அம்மா சேலைத் தலைப்பை முகம் மறையும்படி இழுத்துக்கொண்டாள். ஊர் வரும்வரை எடுக்கவில்லை.

டாக்டர் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். கம்பியைப் பார்த்ததும், எவ்வளவு தூரம் நடந்தது என்று கேட்டார். அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னாள். கையிலிருந்த இடுக்கியை அவர் ஒரு நிமிடம் மேஜையில் வைத்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கம்பியை உருவி, சீழ் எடுத்து, மருந்து வைத்துக் கட்டினார். எலும்பு கூடத் தொடங்கியிருந்தது, ஆனால் திருகிக்கொண்டது, உயிருக்கு ஒன்றுமில்லை, நொண்டும் என்றார். அடுத்த தைப்பூசத்துக்குள் நடக்குமா என்று அம்மா கேட்டாள். தெருவுக்குள் நடக்கும், பழனிக்கு எந்த வருடமும் நடக்காது என்றார் அவர்.

தைப்பூசம் வந்து போனது. அந்த வாரம் தங்கைக்குச் சளிக் காய்ச்சல் அடித்தது, மழைக்கும் பனிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல். அம்மா அவள் பக்கத்தை விட்டு எழவே இல்லை. அவளுடைய நல்ல காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகு ஒரு மாலை, விளக்கேற்றிவிட்டு அம்மா தங்கைக்குப் பூட்ஸை மாட்டினாள். வாரை இறுக்கும்போது தங்கை கேட்டாள்.

"அம்மா, செவலைக்கு வேண்டினத சாமி கேக்க வருமா?"

"வந்தா என்கிட்டத்தான் வரும். நீ பயப்படாத."

"அப்ப என் காலுக்கு வேண்டினதயும் விட்டுரும்மா. ரெண்டையும் ஒண்ணாக் கேட்டுட்டுப் போகட்டும்."

அம்மாவின் கை வாரிலேயே நின்றுவிட்டது. அப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் கையை நிறுத்திவிட்டார். ஏழு வயதுப் பிள்ளை எதைக் கேட்டாள் என்பது அவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் அம்மா வாரை இறுக்கி முடித்துவிட்டு, எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று, எப்போதும்போல் கையை நீட்டினாள்.

தங்கை வாசற்படியிலிருந்து நடந்து வந்தாள். அன்று அவ்வளவு நன்றாக நடக்கவில்லை, இரண்டு இடத்தில் காலை இழுத்தாள். வந்து சுவரைத் தொட்டாள்.

"போதும் தாயி" என்றாள் அம்மா. "உக்காரு."